நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

அன்றைக்குக் கெல்லரில் நின்றவர்கள்:

கையில் டார்ச் லைட்டுடன் ஹெர் பிரிங்க்மன். முதியோர் இல்லத்து வேலை உடுப்பை மாற்றாமல் நேரே வந்த மலர் அக்கா. மூன்றாம் மாடிக் கோயம்புத்தூர் என்ஜினியர் செந்தில். தோய்த்த துணியை எடுக்க வந்து, எடுத்த பிறகும் போகாமல் நின்ற கீழ்வீட்டுத் துருக்கிக்காரப் பெண். நிலம் துடைக்கும் தடியுடன் நான். வாசர் அண்ணை. வாசர் அண்ணையின் பானை.

பானையையும் ஓர் ஆளாகத்தான் எண்ணவேண்டும். விசாரணையே அதற்குத்தான். அது கெல்லரில் இருப்பதா, தெருவுக்குப் போவதா என்பது அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் தெரிந்துவிடும்.

கெல்லர் என்றால் வீட்டுக்குக் கீழே உள்ள நிலவறை. எங்கள் வீடு ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில். எட்டுக் குடும்பம். எட்டுக் குடும்பத்தின் துணி தோய்க்கும் மெஷினும் கீழே வரிசையாக நிற்கும். மேலே கொடி கட்டியிருக்கும். மூலையில் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று. அந்தத் தொட்டி மூலைதான் பானையின் இடம்.

ஜெர்மனி முழுக்கத் தேடினாலும், வாயில் ஒரு சொட்டு பியர் படாமல் பியர் காய்ச்சுகிற இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். நான் தேடிப் பார்க்கவில்லை. ஆனாலும் கிடைக்கமாட்டார்.

வாசர் என்பது குழாய்க்குள் போடும் ரப்பர் வளையம். அண்ணையின் சட்டைப் பையில் எந்த நேரமும் இருபது முப்பது கிடக்கும். நடந்து வந்தால் சத்தம் வராது. ரப்பர்தானே. அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டிக்குத் தெரியும். எங்களுக்கு வாசர் அண்ணை.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குசினிக்குள் போவார். குழாயைப் பார்ப்பார். பிறகு கை மணிக்கூட்டைப் பார்ப்பார்.

"நிமிசத்துக்கு எத்தினை சொட்டு?"

வீட்டுக்காரருக்குத் தெரியாது. அண்ணைக்குக் கோபம் வரும்.

"ஒழுகுது எண்டு தெரியுது. எத்தினை எண்டு தெரியாது. பிறகென்ன வீட்டுக்காரர்?"

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பத்துச் சொட்டுக்குக் குறைய என்றால் வாசரை மாற்றினால் போதும். பத்துக்கு மேலே என்றால் குழாயைக் கழற்றி உள்ளே தேய்க்கவேண்டும், அதைப் போனிலேயே சொல்லித் தருவார். நாற்பதுக்கு மேலே போனால் போனில் சொல்லித் தீராது. அவரே நேரில் வரவேண்டும்.

ஒருமுறை வீசா நீட்டுகிற அலுவலகத்தில் அவருக்கு டெர்மின். நாளும் நேரமும் குறித்த சந்திப்பு. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்தது. கூப்பிடும்வரை இருக்கவேண்டிய மனிதர் கழிப்பறைக்குப் போனார். அங்கே தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். வெளியே அவருடைய இலக்கத்தை மூன்று தரம் கூப்பிட்டார்கள். முழங்கைவரை நனைந்து அண்ணை வெளியே வந்தபோது அடுத்த ஆள் உள்ளே போய்விட்டார். திரும்பவும் மூன்று மாதம். திரும்பி வரும்போது அண்ணையின் மனைவி மலர் அக்கா ட்ராம் வண்டி முழுக்கக் கேட்கப் பேசினார். அண்ணை வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார்.

"இப்ப ஒழுகேல்லை."

அந்தப் பானை பிரிங்க்மனுடையது. அதை முதலில் சொல்லவேண்டும்.

ஹெர் பிரிங்க்மன் முதலாம் மாடி. முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் பம்பு பார்த்தவர். இப்போது ஓய்வு. வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருந்ததால் இங்கே அவருடைய கண்ணும் பேனாவும் இவர்தான். மாடிப்படியில் யார் சைக்கிளை விட்டாலும் சைக்கிளுக்கு முன்னால் கடிதம் வந்து நிற்கும்.

பெரிய சாமான்களைத் தெருவோரம் எறிகிற நாள் ஒன்று உண்டு. ஸ்பெர்மியுல் என்பார்கள். அண்ணைக்கு அது பெருநாள். அந்த முறை ஒரு மின்சாரப் பானை கிடந்தது. பழம் அவித்துப் போத்தலில் அடைப்பவர்களும், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களும் வைத்திருப்பது. அடியில் சூடேற்றி, பக்கத்தில் குழாய். அண்ணை அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஜன்னல் திறந்தது.

"அதை விடு," என்றார் பிரிங்க்மன். "அது பியர் காய்ச்சுகிற பானை. பழுது. நானே பார்த்துச் சரிவரவில்லை. உனக்குச் சரிவராது."

அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பம்."

தமிழில்தான் சொன்னார். பிரிங்க்மனுக்கு விளங்கியது போல இருந்தது. ஜன்னலை மூடினார்.

இரண்டு நாளில் பானை ஒழுகாமல் நின்றது. தண்ணீர் நிரப்பி, கீழே காய்ந்த பேப்பரை விரித்து, அரை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தார். பேப்பர் நனையவில்லை. அத்துடன் முடிந்திருக்கும் என்று மலர் அக்கா நினைத்தார்.

"இனி உதிலை என்ன செய்யப் போறியள்?"

"பியர்."

"நீங்கள் குடிக்கிறேல்லையே!"

"குடிக்கிறதுக்கே காய்ச்சுறன்? பானை பியருக்கெண்டு செய்தது. பியர் காய்ச்சினாத்தான் ஒழுகாதெண்டு தெரியும். தண்ணி விட்டுப் பாக்கிறது பரீட்சை இல்லை."

பியர் காய்ச்சுவது சொல்ல லேசு. முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லியை உடைக்கவேண்டும். அறுபத்தைந்து பாகைச் சூட்டுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் வைக்கவேண்டும். இனிப்பு இறங்கும். அதை வடித்து, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு மூடினால் மிச்சத்தை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். நாலைந்து வரிதான். எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது.

முதல் முறை அடிப்பிடித்தது. பானையின் முள் அறுபத்தைந்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. கெல்லர் முழுக்கக் கருகின கஞ்சி மணம். செந்தில் இறங்கி வந்து பார்த்தான். கார் பாகம் செய்கிற கம்பெனியில் அவனுக்குச் சூடு அளப்பதுதான் வேலை.

"அண்ணா, மேல அம்பது, கீழ தொண்ணூறு இருக்கு. நடுவுல ஏதோ ஒரு இடத்துல சென்சார் உக்காந்து அறுபத்தஞ்சுன்னு பொய் சொல்லுது. மிக்ஸ் ஆகணும்ண்ணா. கன்டினியூஸா கிண்டிட்டே இருக்கணும்."

"ஒரு மணித்தியாலம் ஆர் நிண்டு கிண்டுறது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவரும் முன்வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணை பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய், மழைக்குக் கண்ணாடி துடைக்கிற வைப்பரின் மோட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைப் பானை மூடியின் மேல் பூட்டினார். மோட்டரின் முனையில் மலர் அக்காவின் நீள அகப்பை. சுவிட்சைப் போட்டதும் அகப்பை சுற்றியது. மழையில்லாத கெல்லரில் வைப்பர் மோட்டர் ஓடியது. அன்று மேலே மலர் அக்கா கறியை முள்ளுக்கரண்டியால் கிண்டினார். அதையும் எல்லோருக்கும் கேட்கத்தான் கிண்டினார்.

இரண்டாம் முறை சூடு சரி. பிழை பார்லியில். உடைக்கவேண்டும் என்றுதான் செந்தில் சொல்லியிருந்தான். எங்கள் ஆட்களுக்கு உடைப்பது, அரைப்பது எல்லாம் ஒன்றுதான், அது பட்டுப்போல வரவேண்டும். அண்ணை வீட்டில் உழுந்து அரைக்கிற கிறைண்டரில் போட்டார். விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அரைத்தார். இடியப்பத்துக்கு எடுக்கலாம் போல மா.

அது பானைக்குள் தொதல் என்கிற கட்டி அல்வா மாதிரி இறுகியது. வைப்பர் மோட்டர் ஒருதரம் முனகி நின்றுவிட்டது. அண்ணை கீழே குழாயைத் திறந்தார். தோய்க்கும் மெஷினின் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருக்கும் கம்பி வலையை உரித்து, பானைக்கு உள்ளே வடியாகப் போட்டிருந்தார். நல்ல வேலை. ஆனால் ஒன்றும் வரவில்லை. முழுக்கத் திறந்தார். வரவில்லை. அண்ணையின் முகம் மலர்ந்தது.

"பாத்தியளே! ஒரு சொட்டும் ஒழுகேல்லை!"

"அண்ணா," என்றான் செந்தில். "இப்ப ஒழுகணும்ண்ணா."

அந்தத் தொதலைக் கரண்டியால் தோண்டி எடுத்து, வாளி வாளியாக வெளியே கொண்டுபோனோம். வாசலில் பிரிங்க்மன் நின்றார். வாளிகளை எண்ணினார்.

அடுத்த முறைக்கு நூடுல்ஸ் உருட்டுகிற கை மெஷின் ஒன்று ஸ்பெர்மியுலில் கிடைத்தது. உருளையை அரத்தால் கீறி, பார்லியை அதற்குள் விட்டு உடைத்தார். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாகப் பிளந்தது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"உமி கொஞ்சம் கலந்தா அடைக்காது. தண்ணி வழி கண்டு வரும்."

"ஆன்லைன்ல ரைஸ் ஹல் கிடைக்கும்ண்ணா. ஆறு நாள்ல வந்துடும்."

"ஆறு நாளோ?"

அண்ணை மேலே போனார். பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார். ஜாக்கெட்டின் முன்பக்கம் வீங்கியிருந்தது. உள்ளே ஒரு தலையணை. இங்கே கழுத்து வலிக்காரருக்கு டாக்டர்மார் சொல்லுகிற தலையணை ஒன்று உண்டு, உள்ளே பஞ்சு இருக்காது, ஒருவகைக் கோதுமையின் உமிதான் இருக்கும். கழுத்து வலி மலர் அக்காவுக்கு. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த வலி.

அண்ணை கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். பாதி உமியை எடுத்தார். ஐந்து தண்ணீரில் கழுவி, கொதிதண்ணீர் ஊற்றி, பார்லியுடன் கலந்தார். அகப்பை சுற்றியது. ஒரு மணித்தியாலத்தில் குழாயைத் திறந்தார். தேன் நிறத்தில் தெளிவாக வந்தது. சத்தமில்லாமல் வந்தது. நாங்கள் கை தட்டவில்லை. தட்டியிருக்கலாம்.

மேலேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சருங்கோ! என்ரை தலகணி எங்கை?"

"பானைக்குள்ளை."

அதன் பிறகு மேலே ஒரு கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு வாசரில் மருந்து இல்லை.

கொதிக்கவைத்து, செப்புக் குழாயைச் சுருட்டி உள்ளே இறக்கி, அதற்குள் பச்சைத் தண்ணீர் ஓடவிட்டு ஆறவைத்தார். பிறகு பிளாஸ்டிக் பீப்பாவில் ஊற்றி ஈஸ்ட் போட்டு மூடினார். மூடியில் சின்ன வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் கொஞ்சம் தண்ணீர். பியர் புளிக்கும்போது வருகிற காற்று அதால் குமிழியாக வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது. ஒவ்வொரு குமிழிக்கும் பொளக் என்று ஒரு சத்தம்.

அதுதான் வினை.

ஞாயிறு பின்னேரம் அண்ணை பீப்பாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். பொளக். கை மணிக்கூட்டைப் பார்த்தார். பொளக்.

"தம்பி, நிமிசத்துக்கு முப்பத்தெட்டு."

"அது அப்பிடித்தான் அண்ணை. செந்தில் சொன்னவன்தானே. காத்துப் போகவேணும்."

"போறதெண்டாலும் ஒழுக்குத்தானே?"

"ஒழுக்கில்லை அண்ணை. விடுறது."

"விடுறது எண்டு ஒண்டில்லை. உள்ளுக்கை இருக்கவேண்டியது வெளியாலை வந்தா அது ஒழுக்கு."

நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பொளக் சத்தம் இல்லை. வளைந்த குழாய் இருந்த இடத்தில் ஒரு தக்கை. தக்கையைச் சுற்றி இரண்டு வாசர். அதற்கு மேல் இரும்புக் கவ்வி. அண்ணை திருப்தியாக இருந்தார்.

"இப்ப கேளுங்கோ. அமைதி."

செவ்வாய்க்கிழமை பிரிங்க்மன் தோய்க்கும் நாள். ஆறு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டு, ஏழாவதை உதறிக்கொண்டிருந்தார். அப்போது பீப்பா வெடித்தது. மாடியில் எங்கள் கோப்பைகள் ஆடின. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கெல்லர் கூரையிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு விரிப்பும் மண்ணிறம். நடுவில் பிரிங்க்மன். ஏழாவது விரிப்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றார். காதில் ஒரு ஹொப்ஸ் பூ.

வாசர் அண்ணை அவரைப் பார்க்கவில்லை. நுரைக்குள் மூடியைத் தேடி எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. தக்கை அசையாமல் அப்படியே இருந்தது.

"பாருங்கோ," என்றார். "வாசர் விடேல்லை. மூடிதான் விட்டது."

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாலு வாரத்துக்குள் பானை, மோட்டர், குழாய், பீப்பா எல்லாம் கெல்லரை விட்டுப் போகவேண்டும். இல்லாவிட்டால் வீட்டு நிர்வாகமே ஸ்பெர்மியுலில் போடும். பதிலை எழுத்தில் தரவேண்டும்.

அண்ணை குசினி மேசையில் இருந்து பதில் எழுதினார். எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. மலர் அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு முழுத் தாளின் நடுவில் ஒரு சொல். நைன். முடியாது என்று அர்த்தம்.

"மிச்சத்தை ஆர் எழுதுறது?"

"மிச்சமில்லை. அவ்வளவுதான்."

"அவர் வீட்டை விட்டும் எழுப்பினாலும் எழுப்புவார். உந்தப் பழைய பானையிலை என்ன கிடக்கு உங்களுக்கு? ஒரு சொட்டும் குடிக்கமாட்டியள்."

அண்ணை பேனாவை மூடினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம். இருக்கலாமோ எண்டு கேட்டன். வேலை செய்யலாமோ எண்டு கேட்டன். அடுத்த ஊருக்குப் போய்ச் சொந்தக்காரரைப் பாக்கவும் பேப்பர் கேட்டன். பைப் வேலை படிக்கலாமோ எண்டு கேட்டன், வயசு போட்டுது எண்டாங்கள். உந்தப் பானை ஒண்டுதான் நான் ஒருதரையும் கேளாமல் செய்தது. அதை எடு எண்டு ஒருதரும் சொல்ல ஏலாது."

மலர் அக்கா மேசைக்கு வந்தார். தாளை மடித்து, உறையில் போட்டு, தானே கொண்டுபோய்ப் பிரிங்க்மனின் பெட்டியில் போட்டார்.

மறுநாள் பிரிங்க்மன் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி வந்து கதவைத் தட்டினார்.

"இது என்ன?"

அண்ணையின் ஜெர்மன் மொழியில் வினைச்சொல் கிடையாது. பெயர்ச்சொல் மட்டும்தான்.

"பானை. கெல்லர். நான். நைன்."

பிரிங்க்மன் வெகுநேரம் நின்றார். சுரங்கத்தில் பம்பு பார்த்தவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"ஒரே ஒரு தரம்," என்றார். "நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தால் பானை தெருவுக்குப் போகும். விழாவிட்டால் பியர் ஆகும்வரை பொறுப்பேன். குடித்துப் பார்ப்பேன். வாயில் வைக்க முடியாவிட்டாலும் தெருவுக்குத்தான்."

"யா," என்றார் அண்ணை.

காய்ச்சும் நாளில் பிரிங்க்மன் கழிப்பறைப் பேப்பர் சுருள் ஒன்றுடன் வந்தார். ஒவ்வொரு பொருத்திலும் ஒரு துண்டைச் சுற்றினார். நனைந்தால் காட்டும். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்றுவரை இருவரும் பானைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தலையணையின் மற்றப் பாதி உமியும் உள்ளே போனது. மலர் அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். "இனி என்னத்துக்கு அரைத் தலகணி?" என்று மட்டும் சொன்னார். முடிவில் பிரிங்க்மன் பதினான்கு துண்டுப் பேப்பரையும் கழற்றி, ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தன.

பெரிய பரீட்சை அதற்குப் பிறகுதான். புதுப் பீப்பா. புது மூடி. அதே பொளக் சத்தம்.

"இஞ்சருங்கோ, உதைத் தொட்டா நான் மகளிட்டைப் போயிடுவன்," என்று மலர் அக்கா சொல்லிவிட்டார். ஸ்பானர்களை எல்லாம் பொறுக்கி அரிசி வாளிக்குள் புதைத்தார். கவ்விகளைச் செந்தில் தன் அலுவலக மேசையில் பூட்டினான். அண்ணை ஒன்பது நாள் கெல்லருக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"தம்பி, இன்னும் ஒழுகுதோ?"

"ஓம் அண்ணை."

"எத்தினை?"

"இருபத்தாறு."

சோற்றைத் தள்ளி வைத்தார். ஏழாம் நாள் நாலு என்றேன். ஒன்பதாம் நாள் சத்தம் இல்லை. ஒருவரும் அடைக்கவில்லை. தானாக நின்றது. அண்ணை கை மணிக்கூட்டைக் கழற்றி வைத்தார்.

"தானா நிண்டுதோ?"

"ஓம். தானா."

"அப்பிடியும் ஒண்டு இருக்கு," என்றார்.

போத்தலில் அடைத்து இன்னும் சில வாரம் வைத்தோம். பிறகு பிரிங்க்மன் ஒரு நாளைக் குறித்து, பகல் பன்னிரண்டுக்குள் முடிவு என்றார். அப்படித்தான் நாங்கள் ஏழு பேரும், பானையோடு சேர்த்து, அந்த நாளில் கெல்லரில் நின்றோம். நாற்பது போத்தல். ஒன்றும் வெடிக்கவில்லை. இரவல் கண்ணாடிக் கிளாஸ் இரண்டு. அண்ணை ஊற்றினார். நிறம் நல்ல நிறம். நுரை இரண்டு விரல். பிரிங்க்மன் டார்ச்சைக் கிளாசுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் செந்திலின் மூக்கு தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

பிரிங்க்மன் ஒரு கிளாசை அண்ணையிடம் நீட்டினார்.

"காய்ச்சினவன் முதலில்."

"நைன்," என்றார் அண்ணை.

"காய்ச்சினவன் குடிக்காத பியரை நான் குடிக்கமாட்டேன். ஒருவரும் குடிக்கமாட்டார்கள்."

"நைன்."

"அப்படியென்றால் பானை தெருவுக்கு."

"நைன்."

மூன்று நைன். பிரிங்க்மனின் கை நீட்டியபடி நின்றது. அண்ணையின் கை இரண்டும் பின்னால் கட்டியபடி. செந்தில் என்னைப் பார்த்தான். "அண்ணா, ஒரே ஒரு சிப் அடிச்சிடுங்கண்ணா, மேட்டர் முடிஞ்சிடும்," என்றான். அண்ணை அசையவில்லை. நுரை இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு நாலு நிமிடம்.

மலர் அக்கா முன்னால் வந்தார். பிரிங்க்மனின் கையிலிருந்த கிளாசை எடுத்தார்.

"என்ரை தலகணிதானே இதுக்குள்ளை கிடக்கு," என்றார். "என்ரை அகப்பை. என்ரை கிறைண்டர். ஆர் காய்ச்சினதெண்டு நினைக்கிறியள்?"

நின்ற நிலையில் குடித்தார். முதியோர் இல்லத்தில் ஆட்களுக்கு மருந்து குடிப்பிக்கிறவர். ஒரே இழுப்பு. கிளாசைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.

"நல்லாத்தான் கிடக்கு. உப்புத்தான் கொஞ்சம் காணாது."

"என்ன சொல்கிறார்?" என்று பிரிங்க்மன் கேட்டார்.

"காய்ச்சினவங்க இவங்கதானாம். நல்லா இருக்காம்," என்று செந்தில் ஜெர்மன் மொழியில் சொன்னான். அவன் படித்தவன்.

பிரிங்க்மன் மற்றக் கிளாசை எடுத்தார். ஒரு வாய். நின்றார். இன்னொரு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுக்கக் குடித்து முடித்தார். சட்டைப் பையிலிருந்து தன் கடிதத்தின் பிரதியை எடுத்தார். மெஷின் மேல் விரித்தார். ஈரக் கிளாசை அதன் மேல் வைத்தார். பிறகு போய்ப் பானையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னிடம் இருந்தபோது இது மூன்று இடத்தில் ஒழுகியது."

அண்ணை கையை முன்னால் எடுத்து விரலைக் காட்டினார்.

"நாலு."

பிரிங்க்மன் தலையாட்டினார். வாசல்வரை போனார். திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். செவ்வாய் என் தோய்க்கும் நாள்."

பானை அங்கேயே நின்றது. இப்போதும் நிற்கிறது. வாசர் அண்ணைதான் இல்லை. போன வருடம் மகளோடு இருக்க அவரும் மலர் அக்காவும் தூரத்து ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விட்டார்கள். பானையை எடுத்துப் போகவில்லை. கழற்றிப் பூட்டினால் ஒழுகும் என்றார். பிரிங்க்மன்தான் காய்ச்சுகிறார். துருக்கிக்காரப் பெண்ணின் வீட்டில் மிஞ்சிய உமித் தலையணை ஒன்று அடுத்த முறைக்குத் தயாராக இருக்கிறது. போகிற அன்று அண்ணை என் கையில் ஒரு பிடி வாசர் வைத்தார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

போன கிழமை என் குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. வாசர் இருக்கிறது. மாற்றவும் தெரியும். போன் எடுத்தேன்.

"அண்ணை, பைப் ஒழுகுது."

"எத்தினை சொட்டு?"

"பொறுங்கோ."

மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். ஆறு. வாசரை மாற்றினால் போதும். போனில் அண்ணையின் மூச்சுக் கேட்டது.

குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, திரும்ப எண்ணினேன்.

"நாப்பத்தொண்டு, அண்ணை."